மூன்று லட்சத்தில் ஒரு சென்னை வருஷம்: நோட்டுப் போட்டுக் குடும்பம் நடத்தும் முறை

மாதச் சம்பளக்காரர்கள் நாம் சிக்கனத்தையும் மாதக் கணக்கில்தான் போடுகிறோம். வாடகை இவ்வளவு, பால் இவ்வளவு, மளிகை இவ்வளவு, போக மிச்சம் இரண்டாயிரம். கணக்கு அழகாகத்தான் வரும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அது கிழியும். ஐப்பசி பிறந்தால் மறுபடி கிழியும். நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு காய்ச்சல், மிக்ஸி மோட்டார். எங்கள் வீட்டில் ஆறு வருஷம் இப்படித்தான் போனது. என் வளையல் இரண்டும் வீட்டில் இருந்ததைவிட அடகுக் கடையில் இருந்த நாள்தான் அதிகம்.

வருமானம் அப்போதும் இதே அளவுதான். மாறியது கணக்குப் போடும் விதம். மாதத்தை விட்டுவிட்டு வருஷத்தை எழுத ஆரம்பித்தோம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் நிலவரம் இது: வில்லிவாக்கத்தில் வாடகை வீடு. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், மாமியார். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கையில் வருவது மாதம் 20,000. என் தையலும் அவருடைய போனஸும் சேர்ந்து வருஷத்துக்கு ஏறத்தாழ 60,000. ஆக மொத்தம் 3,00,000. உங்கள் தொகை கூடலாம், குறையலாம். முறை ஒன்றுதான்.

முதல் படி: மொத்தமாக வரும் செலவுகளை எழுதுங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். செல்போனில் இதற்கென்று செயலிகள் உண்டு, நானும் இரண்டு மாதம் முயன்றேன். மாமியாரும் பிள்ளைகளும் அதில் எழுத மாட்டார்கள். அடுப்படி ஆணியில் பேனாவோடு தொங்கும் நோட்டில் எல்லோரும் எழுதுவார்கள்.

மாதாமாதம் வரும் செலவை இப்போது தொடாதீர்கள். வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து இடிப்பவை எவை என்று மட்டும் எழுதுங்கள். போன ஜூனிலிருந்து ஒவ்வொரு மாதமாக யோசித்தால் ஞாபகம் வரும். எங்கள் பட்டியல் இது:

பள்ளிச் செலவு 12,000
தீபாவளி 15,000
பொங்கலும் மற்ற பண்டிகைகளும் 5,000
ஊர்ப் பயணம் 8,000
மொய், சீர் 10,000
மருந்து, ஆஸ்பத்திரி 12,000
ரிப்பேர் 6,000
வருஷத்துக்கு வாங்கும் புளி, மிளகாய், பருப்பு 6,000
செல்போன் ரீசார்ஜ் 5,000
காப்பீடு 1,000

கூட்டினால் 80,000. முதல் தடவை இதைப் பார்த்தபோது அவர் நம்பவில்லை. வருமானத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல். இதற்கு மாதக் கணக்கில் நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தது பூஜ்யம். கடன் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இதில் மொய்யைப் பலர் எழுத மாட்டார்கள். வரப்போகும் கல்யாணம் நமக்கென்ன தெரியும் என்பார்கள். தெரியாதுதான். ஆனால் ஆவணியிலும் தையிலும் பத்திரிகை வராமல் இருந்த வருஷம் உண்டா? பழைய மொய் நோட்டைப் பாருங்கள். யார் வீட்டில் வாங்கியிருக்கிறோமோ அவர்களுக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதுவும் கடன்தான், வட்டி இல்லாத கடன்.

இரண்டாம் படி: அந்தப் பணத்துக்குத் தனி இடம்

இந்த 80,000 சம்பளம் வரும் கணக்கில் இருந்தால் கரைந்துவிடும். தனிச் சேமிப்புக் கணக்கு வையுங்கள். தபால் அலுவலகத்தில் 500 ரூபாயில் திறக்கலாம். ஏடிஎம் அட்டை வாங்காதீர்கள். வரிசையில் நின்று எடுக்க வேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

எங்களுக்கு இன்னொரு வசதி. தையல் வருமானம் சீராக வராது. தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் ராத்திரி பன்னிரண்டு வரை மிஷின் ஓடும், மார்கழியில் தூசி படியும். அந்தப் பணத்தை மாதச் செலவில் சேர்த்தால் குழப்பம்தான். அதனால் தையல், போனஸ் இரண்டும் நேராக வருஷக் கணக்குக்குப் போய்விடும். 60,000 வந்துவிட்டது. மிச்சம் 20,000ஐச் சம்பளத்திலிருந்து மாதம் 1,700 ரூபாயாக எடுத்து வைக்கிறோம்.

இப்போது மாதம் எப்படி இருக்கிறது? 20,000இல் 1,700 போனால் 18,300. வாடகையும் தண்ணீரும் 8,500. சேமிப்பு 1,500. மிச்சம் 8,300. ஐந்து பேரும் சாப்பிட, கரண்ட், கேஸ், போக்குவரத்து எல்லாம் இதற்குள்தான். இறுக்கம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 8,300 முழுக்கச் செலவானாலும் பயமில்லை. அடுத்த மாதத்திலிருந்து எதுவும் பிடுங்கிக்கொள்ளாது.

மூன்றாம் படி: வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்காதீர்கள்

சென்னையில் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கத்தரிக்காயில் பேரம் பேசிப் பயனில்லை. பெரிய தொகை வீட்டில்தான் இருக்கிறது. அதை வருஷத்துக்கு ஒரு முறையாவது திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி வாடகை என்னவென்று இருக்கக் கூடாது. "ஈ.பி. கார்டு தனியா இருக்காம்மா?" என்று கேளுங்கள். காரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016இல் வந்தது. அதற்குமேல் உள்ள முதல் படிகளும் மலிவு. உங்கள் பங்குக்குத் தனி மீட்டர் இருந்தால் இந்தச் சலுகை உங்களுக்கு. வீட்டுக்காரர் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்றால் சலுகை உங்களுக்கு இல்லை. நாங்கள் இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் சுற்றி எரிக்கிறோம், பில் 800 ரூபாய் அளவில் வருகிறது. முன்பு இருந்த வீட்டில் இதே 320 யூனிட்டுக்கு 2,880 கொடுத்தோம். அந்த வீட்டின் வாடகை 500 குறைவு என்று சந்தோஷமாகக் குடிபோனவர்கள் நாங்கள். மாதம் 500 மிச்சம் பிடித்து ஆயிரம் இழந்திருக்கிறோம்.

அடுத்தது அட்வான்ஸ். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊரின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. நீதிமன்றம் போக வேண்டியதில்லை. பேச்சுவார்த்தையில் இதைச் சொல்லலாம், நாங்கள் சொல்லி ஐந்து மாதத்துக்கு இறக்கினோம். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். பிடிப்பார்களா, எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதாததால் இரண்டு வீடு மாறினதில் எங்களுக்கு இரண்டு மாத வாடகை போனது.

மூன்றாவது கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள்: "மழைக்கு இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சுக்கா?" 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் சுவரிலேயே கை வைத்துக் காட்டுவார்கள். தரைத்தள வீடு வாடகை குறைவாகக் கிடைக்கும். தண்ணீர் புகுந்தால் ஃப்ரிட்ஜ், மெத்தை, தையல் மிஷின் மோட்டார் எல்லாம் ஒரே ராத்திரியில் போகும். மிக்ஜாமுக்கு அரசு கொடுத்த நிவாரணம் 6,000 ரூபாய். முதல் மாடிக்கு மாதம் 500 கூடக் கொடுப்பது எனக்கு நஷ்டமாகத் தோன்றவில்லை.

லீஸ் பற்றியும் கேட்பார்கள். மொத்தத் தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடன் வாங்கி லீஸுக்குப் போவது இன்னும் மோசம்.

நான்காம் படி: கரண்ட் பில்லில் 500 என்ற கோடு

மின்கட்டணத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் பறிபோகும். அதாவது 501ஆவது யூனிட் ஒன்றுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுகிறது. அதனால் ரீடிங் எடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் பையன் வேலை. ஐம்பதாம் நாளில் 440 என்றிருந்தால் கடைசிப் பத்து நாள் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓய்வெடுக்கும். அப்படி நெருங்குவது சித்திரை, வைகாசியில் மட்டும்தான்.

மாற்ற வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று என்றால் ஃபேன். சென்னையில் ஃபேன் நிற்பதே இல்லை. பழைய 75 வாட் ஃபேன் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 81 யூனிட். 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் அதே நேரத்துக்கு 32 யூனிட்தான். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,470 ரூபாய் மிச்சம். இரண்டு வருஷத்தில் ஃபேன் போட்ட காசு வந்துவிடும். கூடத்தில் மட்டும் மாற்றினோம், அங்கேதான் எல்லோரும் படுக்கிறோம். ஏசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வயசானவர்கள், கைக்குழந்தை உள்ள வீட்டில் மே மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுகிற ஏசி, மற்ற உபயோகத்தோடு சேர்ந்து உங்களை 500ஐத் தாண்ட வைத்துவிடும். அதைத் தெரிந்து போடுங்கள்.

ஐந்தாம் படி: அடுப்படி

இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் 8,300 இப்படிப் பிரிகிறது: பால் 1,200, கேஸும் கரண்டும் 1,100, காய்கறி 1,600, மளிகையும் ரேஷனும் 2,000, மீன் முட்டை கறி 1,200, போக்குவரத்து 1,000, சில்லறை 200.

ரேஷனை மதிக்கப் பழகுங்கள். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம், எங்கள் கார்டுக்கு 20 கிலோ. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. பருப்பு வெளியே மூன்று நான்கு மடங்கு. பருப்பும் எண்ணெயும் சீக்கிரம் தீரும் என்பதால் மாத முற்பாதியிலேயே போய்விடுவேன்.

"ரேஷன் அரிசி வாயில வைக்க முடியலை" என்பவர்கள் அதை வடிக்கும் விதத்தை மாற்றிப் பார்க்கலாம். மூன்று தண்ணீரில் களைந்து, முக்கால் மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்க வேண்டும். குக்கரில் வைத்தால் குழையும், வாடையும் நிற்கும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் புழுங்கலரிசியை இட்லிக்கு ஒதுக்குங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இட்லி அரிசி என்று தனியாகக் காசு கொடுத்து வாங்கி எனக்குப் பல வருஷம் ஆகிறது. கழுவும்போது சில அரிசிகள் மிதக்கும், கொஞ்சம் நிறம் மாறியும் இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து எடுத்துப் போடாதீர்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். எங்கள் தெருவில் அதைப் பொறுக்கிப் பொறுக்கிக் காக்கைக்கு வைத்தவர்கள் உண்டு.

வருஷத்துக்கு வாங்குவது எதை, எப்போது? புதுப்புளியும் புது மிளகாயும் மாசி, பங்குனியில் வரும். அப்போது வாங்கிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து ஜாடியில் அடைத்துவிடுவோம். மிளகாய், மல்லியைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்து மாவு மில்லில் அரைத்தால் சாம்பார் பொடி ஆறு மாதத்துக்கு வரும். ஜார்ஜ் டவுனில் கொத்தவால்சாவடியைச் சுற்றியுள்ள மொத்தக் கடைகளில் வாங்குகிறோம். காய்கறி மார்க்கெட்தான் 1996இல் கோயம்பேடு போனது, மளிகைக் கடைகள் அங்கேயே இருக்கின்றன. மூன்று வீடு சேர்ந்து போனால் மூட்டை விலை கிடைக்கும், ஆட்டோவும் பங்கு.

ஆனால் மலிவு என்று எல்லாவற்றையும் மூட்டையாக வாங்காதீர்கள். முதல் வருஷம் 25 கிலோ உளுந்து வாங்கினேன். ஐப்பசி மழையில் ஈரக்காற்று, கார்த்திகையில் டப்பாவைத் திறந்தால் வண்டு பறக்கிறது. பாதி போச்சு. இப்போது உளுந்து, துவரை எல்லாம் ஐப்பசிவரைக்கும் போதுமான அளவுதான் வாங்குகிறேன். அதையும் ஒரு வெயில் காட்டி, காய்ந்த மிளகாய் நாலைப் போட்டு வைக்கிறேன்.

காய்கறிக்குக் கோயம்பேடு போகலாம். வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கப் போனால் அலைச்சல்தான் மிச்சம். நாங்கள் மூன்று பேர் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை விடியற்காலை பஸ்ஸில் போய் வெங்காயம், உருளைக்கிழங்கு, பெட்டித் தக்காளி வாங்கிப் பிரித்துக்கொள்வோம். கீரை, கத்தரி, வெண்டை எல்லாம் தள்ளுவண்டியிலேயே. பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. மாசி, பங்குனியில் தக்காளி மலிந்தால் தொக்காகக் கிண்டி வைத்துவிடுங்கள். அடைமழையில் அது கிலோ நூறைத் தொடும்போது அந்தத் தொக்கு சாம்பாருக்கே உதவும்.

மீனுக்கும் வருஷக் கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் கருவாடு, முட்டை. தடை முடிந்து படகு திரும்பியதும் வரத்துக் கூடும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போவது வேடிக்கை பார்க்க நல்லது, வாங்க நல்லதல்ல. மத்தி, நெத்திலி, காரப்பொடி இவற்றைச் சமைக்கத் தெரிந்த வீட்டில் வஞ்சிரம் இல்லை என்ற குறை வராது. என் மாமியார் காரப்பொடிக் குழம்பு வைத்தால் மறுநாள் பழைய சோற்றுக்கும் அதற்கும் சண்டை நடக்கும்.

கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டு வாங்குங்கள். உள்ளே இருக்க வேண்டியது 14.2 கிலோ, காலி எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும். பருப்பு, கொண்டைக்கடலையை ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துடையுங்கள். வேறு ரகசியம் ஏதுமில்லை.

எனக்குக் காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்கு ஹோட்டல் கிடையாது. அம்மா உணவகத்தில் 2013இலிருந்து இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அதில் சாப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் எனக்கும் இருந்தது.

ஆறாம் படி: போக்குவரத்து

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துணி வாங்க, நூல் வாங்க, கோயம்பேடு போக எல்லாவற்றுக்கும் எனக்கு அதுதான். அவர் மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை பத்து ரூபாயில் போகிற ரயில் இருக்கும் ஊரில், ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு பிடிப்பது பெரிய சிக்கனம். பைக்கை விற்கச் சொல்லவில்லை, வேலைக்கு எடுக்க வேண்டாம் என்கிறேன். தினமும் பல பஸ் மாறி அலைகிற வேலை என்றால் 1,000 ரூபாய் மாதப் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: பள்ளியும் உடம்பும்

மகள் மாநகராட்சிப் பள்ளி, பையன் அரசு உதவி பெறும் பள்ளி. மாநகராட்சிப் பள்ளியில் புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு உண்டு. தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமும் அதே மாதம்தான் வந்தது. மகளை மாற்றியபோது சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. வருஷம் நாற்பதாயிரம் ஃபீஸ் கட்டியும் டியூஷன் வைக்க வேண்டியிருந்தது என்பதை அவர்களுக்கு விளக்கி முடியாது. நோட்டுகளை மே மாதக் கடைசியில் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் டஜன் கணக்கில் வாங்கிவிடுவோம்.

மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம். 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கிடைக்கிறது. வெளியில் வாங்க வேண்டியதை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்குகிறோம். மருந்தின் பெயரை கம்பெனிப் பெயராக இல்லாமல் மூலக்கூறுப் பெயராக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். பெரிய வியாதிக்கு சென்ட்ரல் எதிரே ஜி.எச்., கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி இருக்கின்றன. நேரம் போகும், காசு போகாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வருஷ வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. 2023இல் வந்த மகளிர் உரிமைத்தொகைக்கு வரம்பு 2,50,000. எங்களுக்கு இரண்டும் இல்லை. உங்களுக்கு உண்டென்றால் வருமானச் சான்றை இன்றைக்கே எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு தேட முடியாது.

எங்கள் 12,000 மருந்துப் பணத்தில் மீதி வந்தால் அதைத் தொடுவதில்லை, அடுத்த வருஷத்துக்குப் போகும்.

எட்டாம் படி: துணி, போன், காப்பீடு

துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போதும். பட்டு, கைத்தறி என்றால் தீபாவளிக்கு கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி தருவார்கள். ஆடித் தள்ளுபடியில் பள்ளிச் சட்டைக்குத் துணி எடுப்பேன், புடவைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரம், நாற்காலி, புத்தகம் கிடைக்கும். மின்சாரச் சாமான்களை ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

28 நாள் ரீசார்ஜ் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று தடவை. வருஷத் திட்டம் ஒரே மூச்சில் பெரிய தொகை கேட்கும், அதற்குத்தான் வருஷக் கணக்கு இருக்கிறதே.

வங்கிக் கணக்கோடு சேர்ந்த இரண்டு காப்பீடுகளை விட்டுவிடாதீர்கள். 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷம். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லையென்றால் கழிக்க முடியாமல் காப்பீடு அறுந்துவிடும்.

ஒன்பதாம் படி: சேமிப்பு, கடன்

மாதம் 1,500 தபால் அலுவலக ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் போகிறது. ஐந்து வருஷக் கெடு. நூறு ரூபாயிலிருந்தே தொடங்கலாம், பன்னிரண்டு தவணை கட்டினபின் அவசரத்துக்கு அதன் மேலேயே பாதிவரை கடன் வாங்கலாம். பெண் குழந்தை பத்து வயசுக்குள் இருந்தால் செல்வமகள் கணக்கு, வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய்.

தீபாவளிச் சீட்டு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தெரிந்தவர் என்று பதினொரு மாதம் கட்டினோம். ஐப்பசி பிறக்கும் முன் அந்த வீட்டில் பூட்டு. நாற்பது குடும்பம் வாசலில் நின்றது. பன்னிரண்டு மாத வங்கி ஆர்.டி.யில் தங்கக் காசும் சில்வர் குடமும் தர மாட்டார்கள், பணத்தைத் தருவார்கள்.

ஏற்கெனவே கடன் இருந்தால் சேமிப்பைத் தொடங்கும் முன் அதைப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வாயால் சொல்வது வருஷத்துக்கு 24 சதவீதம். அடகில் இருக்கும் நகையை வங்கி நகைக்கடனுக்கு மாற்றினாலே வட்டி பெருமளவு குறையும். என் வளையல்களை அப்படித்தான் மாற்றி, ஒன்றரை வருஷத்தில் மீட்டோம்.

பத்தாம் படி: மே மாதக் கடைசி ஞாயிறு

நோட்டு ஜூனில் தொடங்கி மேயில் முடியும். ஏப்ரல்-மார்ச் வரிக்காரர்களுக்குச் சரி, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வருஷம் பிறப்பது ஜூனில்தான். மே கடைசி ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஐந்து பேரும் உட்காருவோம். ஒவ்வொரு வரியிலும் எழுதியது எவ்வளவு, ஆனது எவ்வளவு என்று பையன் வாசிப்பான். கூடிய வரிக்குக் காரணம் கேட்போம், குறைந்த வரிக்கும் கேட்போம். போன வருஷம் மருந்து குறைந்ததற்குக் காரணம், மாமியார் கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போட்டிருந்தார். அதைச் சிக்கனம் என்று விட முடியுமா? ஜூன் முதல் வாரமே எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

இந்த மே மாதம் ரிப்பேர் வரி 6,000 போதாமல் 7,900 ஆகியிருந்தது. மிக்ஸிக்கும் மிஷின் மோட்டாருக்கும் ஒரே மாதத்தில் கேடு. அடுத்த வருஷத்துக்கு 8,000 என்று எழுதினோம். அந்த இரண்டாயிரத்தை எங்கிருந்து எடுப்பது? மொய்யில் தொட முடியாது, நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு வருகிறது. தீபாவளியில் குறைக்கலாம் என்றேன், மகள் முறைத்தாள். கடைசியில் ஊர்ப் பயணத்தை 6,000 ஆக்கினோம். போகும்போது ரயிலில் முன்பதிவு, வரும்போது கோயில் திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்து, கூட்டம் வடிந்த பிறகு.